இங்கிலாந்து போய்த் திரும்பிய குறிப்பு

மூவார் நில அலுவலகத்தில் எழுத்தர்களுக்கெல்லாம் மேலே தலைமைக் கிராணியாக இருந்து ஓய்வுபெற்ற ஏரம்பமூர்த்தி, மாலை ஐந்து மணிக்கு மோட்டாரில் வெளிக்கிடுவார் என்பது ஊரறிந்த விஷயம். தட்டைத் தொப்பி, தோல் கையுறை, தூசிக் கண்ணாடி மூன்றையும் அணிந்துகொண்டு கொட்டகைக்குப் போவார். ஆசனத்தில் முதுகு சாயாமல் உட்கார்ந்து மூன்று தடவை ஹார்ன் அடிப்பார். ஆறு மணிக்குத் திரும்பியதற்கு அடையாளமாக இன்னும் மூன்று தடவை.

கடந்த இரண்டு மாதமாக ஒரே ஒரு வித்தியாசம். கொட்டகைக் கதவு திறப்பதில்லை.

பக்கவாசலால் மனைவி அன்னலட்சுமி தேநீர் கொண்டுவருவாள். ஓடாத வண்டியின் பக்கத்தில் நின்று, ஓடுகிற வண்டியை மறித்தவளைப்போல எட்டிக் கொடுப்பாள்.

“இஞ்சாருங்கோ, இண்டைக்கு எங்கை வரைக்கும்?”

“பக்ரி வரைக்கும்.”

“மழை வரும் போல கிடக்குது.”

ஏரம்பமூர்த்தி வண்டியின் துணிக்கூரையை இழுத்து மாட்டினார். கொட்டகைக்கு நல்ல ஓட்டுக்கூரை உண்டு. இருந்தாலும் மழைக்குக் கூரை போடாமல் மோட்டார் விடுகிற ஆள் அவரல்லர்.

“வரேக்கை ரெண்டு இணுக்குக் கறிவேப்பிலை பிடுங்கியந்தால் நல்லது,” என்றுவிட்டு அவள் உள்ளே போனாள்.

ஏரம்பமூர்த்தி பொய் சொல்வதில்லை. அவர் அப்பாவும் சொன்னதில்லை. ‘உங்கள் மோட்டார் ஓடுகிறதா?’ என்று யாராவது நேரே கேட்டால் ‘இல்லை’ என்று நேரே சொல்லிவிடுவார். ஆகவே யாரும் கேட்காதபடி பார்த்துக்கொள்வது அவருடைய கடமையாயிற்று. அந்தக் கடமைதான் மாலை ஐந்திலிருந்து ஆறு வரை கொட்டகைக்குள் நடந்துகொண்டிருந்தது.

மோட்டார் செத்தது 1932 ஜனவரி இரண்டாம் தேதி. பாரிட் ஜாவா பக்கமிருந்து திரும்பும்போது எஞ்சினுக்குள் யாரோ சட்டி பானையை உருட்டுவதுபோல ஒரு சத்தம் கேட்டது. அடுத்த நிமிஷம் இரும்புத் தண்டு ஒன்று எஞ்சினின் வயிற்றைக் கிழித்துக்கொண்டு வெளியே தலைநீட்டியது. வண்டியைத் தார்ப்பாயால் போர்த்தி, மாட்டு வண்டியின் பின்னால் கட்டி, வைக்கோல் வருவதுபோல வீட்டுக்குக் கொண்டுவந்தவன் காளியப்பன். ஆற்றின் அக்கரைக்குக் கார்களை ஏற்றிப் போகும் ஃபெரியில் எஞ்சின் பார்க்கிறவன். வாய் கனத்தவன், ஒரு சங்கதியை வெளியே விடமாட்டான்.

அவன் வண்டியின் அடியில் படுத்துப் பார்த்துவிட்டு எழுந்தான்.

“முடிஞ்சுபோச்சுங்க ஐயா. வயிறே கிழிஞ்சிருச்சு. ஒட்டுப் போட்டாலும் நிக்காது லா.”

“கம்பனிக்கு எழுதுவம்.”

“எழுதுங்க. அவங்க படிச்சு முடிக்கிறதுக்குள்ள துருப்பிடிச்சிரும். எங்ககிட்ட பழைய தொங்காங் படகு எஞ்சின் ஒண்ணு சும்மாதான் கெடக்கு. ஆத்துல நல்லா ஓடின சாமான்.”

“பன்றியும் புகையிலையும் ஏத்தித் திரிஞ்ச தொங்காங்கின்ரை எஞ்சினை என்ரை வீட்டு மோட்டாருக்கை வைக்கச் சொல்லுறியோ?”

“வைக்கச் சொல்லலைங்க. கெடக்குதுன்னு சொன்னேன்.”

காரியம் வெறும் உலாவோடு நின்றிருந்தால் ஏரம்பமூர்த்தி நடந்தே உலாவப் போயிருப்பார். ஆனால் ஆனி மாதம் மகள் சரோஜினிக்குக் கலியாணம். மாப்பிள்ளை கதிரேசு. அவனுடைய தகப்பன் சபாபதி, பாலோவில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஓய்வுபெற்றவர். சம்பந்தம் முடிவான அன்றைக்கு ஏரம்பமூர்த்தி அவருக்குத் தம் கையால் எழுதினார்: ‘மாப்பிள்ளையை எங்கள் சொந்த மோட்டாரில் அழைத்துக்கொள்வோம்.’ கீழே கையெழுத்து. அந்தக் கையெழுத்து முப்பத்தொரு வருஷம் நில அலுவலகத்தில் ஒரு தடவைகூடத் திருத்தப்பட்டதில்லை.

“வாடகை மோட்டார் ஒண்டு பிடிச்சால் என்ன?” என்று அன்னலட்சுமி கேட்டாள்.

“எழுதினது சொந்த மோட்டார் எண்டு.”

“எழுதாமல் விட்டிருக்கலாம்.”

“எழுதியாச்சு.”

மோட்டாரைச் செய்த விம்பிள்ஷா கம்பனி, வண்டி கையளித்த நாளிலிருந்து பன்னிரண்டு மாதத்துக்கு உத்தரவாதம் என்று சிங்கம் போட்ட கெட்டிக் கடதாசியில் அச்சடித்துக் கொடுத்திருந்தது. அந்தக் கடதாசியை ஏரம்பமூர்த்தி வீட்டிலுள்ள எல்லாருடைய குறிப்புகளோடும் தகரப் பெட்டியில் வைத்திருந்தார். யாழ்ப்பாணத்தார் ஜாதகத்தைக் குறிப்பு என்றுதான் சொல்வார்கள்.

சிங்கப்பூர் ஏஜெண்டு உடனே பதில் போட்டான். வண்டி கையளிக்கப்பட்டது 1930 டிசம்பர் பதினேழு, எஞ்சின் கெட்டது அதற்கு ஒரு வருஷமும் பதினாறு நாளும் கழித்து, உத்தரவாதம் முடிந்தது, வணக்கம்.

பதினாறு நாள். ஏரம்பமூர்த்திக்கு இரத்தம் கொதித்தது. டிசம்பர் பதினேழில் அவர் சிங்கப்பூர் போய் ரசீதில் கையெழுத்துப் போட்டது உண்மை. ஆனால் அன்றைக்கு மார்கழி இரண்டாம் தேதி. மார்கழியில் மானமுள்ள எந்தக் குடும்பம் புது வாகனத்தை வீட்டுக்குள் எடுக்கும்? வண்டியை ஏஜெண்டின் கிடங்கிலேயே விட்டுவைத்து, தை முதலாம் தேதி, ஒன்பது மணி பன்னிரண்டு நிமிஷத்துக்கு, எலுமிச்சம்பழம் நசுக்கித்தான் வாசல் படலைக்குள் எடுத்தார். அந்தக் கணக்கில் எஞ்சின் கெட்ட அன்று மோட்டாருக்கு ஒரு வயதே நிரம்பவில்லை. இந்த விவரத்தையெல்லாம் ஏழு பக்கத்தில், மார்கழி என்றால் என்ன என்பதற்கு மட்டும் இரண்டு பக்கம் ஒதுக்கி, இங்கிலாந்திலிருந்த கம்பனிக்கே நேராக எழுதினார்.

மார்ச் நடுவில் பதில் வந்தது. மரியாதையான கடிதம். தங்கள் வருத்தத்தில் நாங்களும் பங்குகொள்கிறோம்; மார்கழி என்கிற பண்டிகைக்கு எங்கள் வாழ்த்துகள்; வண்டி தங்கள் வசம் வந்த நாளை உறுதிப்படுத்தும் எழுத்துமூலச் சான்று வேறு ஏதும் இருந்தால் அனுப்பவும், பரிசீலிப்போம் என்று எழுதியிருந்தார்கள்.

“சான்று இருக்குது,” என்றார் ஏரம்பமூர்த்தி.

இருந்தது. மோட்டார் படலை தாண்டிய நேரத்தை வைத்து மலாக்காச் சாத்திரியார் கணித்த குறிப்பு. வீட்டுக்குள் வந்து ஒரு வாய் தின்னுகிற எதற்கும் குறிப்பு எழுதி வைப்பது ஏரம்பமூர்த்தியின் வழக்கம். முன்பிருந்த பசுவுக்கும் உண்டு. மோட்டாரும் பெற்றோல் தின்றது. ஒரு தாள், நான்கு மூலையிலும் மஞ்சள், நடுவே பன்னிரண்டு கட்டம், கட்டங்களில் கிரகங்கள், மேலே வருஷம், மாதம், நாள், நாழிகை எல்லாம் ஐயந்திரிபு இல்லாமல். அதற்கு ஓர் ஆங்கில மொழிபெயர்ப்பும் செய்து இணைத்தார். ‘எட்டாம் வீட்டில் செவ்வாய் நிற்கிறது’ என்பதைக்கூட மறைக்கவில்லை. சான்றில் பாதியை மறைப்பது தலைமைக் கிராணிக்கு அழகல்ல.

“நகல் எடுத்து அனுப்புங்கோவன்,” என்றாள் அன்னலட்சுமி.

“சான்று எண்டால் மூலப்பிரதி.”

தபாலாபீசில் மணியம் பொதியைத் தராசில் வைத்தான். பத்து வருஷமாக யாழ்ப்பாணத்தாருக்குக் கடிதம் பிரித்துக் கொடுத்தவன்.

“உள்ள என்னங்கய்யா? ரிஜிஸ்டர்ல எழுதணும்.”

ஏரம்பமூர்த்தி பொய் சொல்வதில்லை. “குறிப்பு.”

மணியத்தின் பேனா நின்றது. “ஜாதகமுங்களா?”

“ஓம்.”

“எங்கங்க போவுது?”

“இங்கிலாந்துக்கு.”

“துரை வீட்டுக்குங்களா?”

“கம்பனிக்கு.”

கேட்ட கேள்விக்கு மேல் பதில் சொல்வதும் அவர் வழக்கமல்ல. மணியம் பதிவுப் புத்தகத்தில் ‘ஜாதகம் ஒன்று, இங்கிலாந்து’ என்று எழுதி, மை காய்வதற்கு ஊதினான். அன்று மத்தியானத்துக்குள் மூவாரில் தமிழ் பேசுகிற எல்லா வீட்டுக்கும் அந்தச் செய்தி போய்ச் சேர்ந்துவிட்டது. பெரிய கிராணி ஐயா மகளுக்கு வெள்ளைக்காரக் கம்பனி ஒன்றில் மாப்பிள்ளை பார்க்கிறார் என்று சிலர் சொன்னார்கள். கம்பனி முழுவதையும் பார்க்கிறார் என்று சிலர் சொன்னார்கள்.

சங்கடம் என்னவென்றால், குறிப்பு ஓரிடத்துக்குப் போனால் அதற்கு ஒரே ஓர் அர்த்தம்தான். பொருந்தினால் அவர்கள் வைத்துக்கொள்வார்கள். பொருந்தாவிட்டால் திருப்பி அனுப்புவார்கள். திரும்பி வந்த குறிப்பை அடுத்த வீட்டுக்காரர் கண்ணில் படாமல் பெட்டிக்குள் வைப்பதுதான் ஊர்வழக்கம்.

மே மாதம் பதினெட்டாம் தேதி தபாலாபீசில் பதினைந்து பேராவது நின்றார்கள். மணியம் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, குரலைத் தாழ்த்தப் பார்த்தான். ஆனால் அவன் குரல் தாழ்கிற குரல் அல்ல.

“ஐயா, குறிப்பு திரும்பி வந்திருச்சுங்க.”

முத்திரை குத்துகிறவன் குத்துவதை நிறுத்தினான். வரிசையில் நின்ற கிருஷ்ணம்மா, வட்டிக்கடைக்காரரின் மனைவி, தொண்டையைச் செருமினாள்.

“மனசு தளராதீங்கய்யா. புள்ளைக்கு வேற நல்ல எடம் அமையும்.”

ஏரம்பமூர்த்தி நிமிர்ந்த முதுகோடு பொதியை வாங்கிக்கொண்டு வெளியே வந்தார். அன்று அவர் நடந்து வந்த நடையைப் பார்த்தவர்கள், பாவம், வெளியே காட்டிக்கொள்ளவில்லை என்றார்கள்.

வீட்டில் கடிதத்தைச் சரோஜினிதான் வாசித்தாள். கான்வெண்டில் படித்தவள். கம்பனி எழுதியிருந்தது இது:

தாங்கள் அனுப்பிய எஞ்சின் வரைபடம் கிடைத்தது. எங்கள் தலைமை எஞ்சினியர் அதனோடு ஒன்பது நாள் இருந்தார். எங்கள் எஞ்சினில் நான்கு அறைகளே உண்டு. தங்கள் படத்தில் பன்னிரண்டு உள்ளன. அவற்றுள் ஐந்து வெறுமையாக இருக்கின்றன. ஒன்றில் நான்கு உறுப்புகளை ஒருங்கே அடைத்திருக்கிறீர்கள். எட்டாம் அறையில் ‘செவ்வாய்’ என்ற அந்நிய உறுப்பு இருப்பதாகத் தாங்களே ஒப்புக்கொள்கிறீர்கள். நான்கு மூலைகளிலும் மஞ்சள் நிற எண்ணெய்க் கசிவு தெரிகிறது. எங்கள் அனுமதியின்றி எஞ்சின் இவ்வாறு மாற்றியமைக்கப்பட்டிருப்பதால், காலம் முடியாதிருந்தாலும் உத்தரவாதம் செல்லாது. படத்தை இத்துடன் திருப்பி அனுப்புகிறோம்.

சரோஜினியின் தோள் குலுங்கியது. “அப்பா, அவை குறிப்பை எஞ்சின் படம் எண்டு நினைச்சிட்டினம்.”

“சிரிக்காதை.”

“நான் சிரிக்கேல்லை.”

“மஞ்சளைக் கசிவு எண்டு எழுதியிருக்கிறாங்கள். இதிலை சிரிக்க என்ன கிடக்குது?”

மூன்றாம் நாள் காலை சபாபதி வந்து இறங்கினார். பாலோவிலிருந்து பஸ் மாறி மாறி வந்த தூசி சால்வையில் இருந்தது. கையில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்த காலத்துக் கடிகாரம். கதிரையைக் காட்டினார்கள், உட்காரவில்லை. தேநீர் வந்தது; தொடவில்லை.

“உங்களைச் சம்பந்தி எண்டு கூப்பிடலாமோ எண்டு கேக்கத்தான் வந்தனான்,” என்றார்.

“அதிலை என்ன சந்தேகம்?”

“பாலோ ஸ்டேஷனிலை ஏழு பேர் என்னட்டை வந்து துக்கம் விசாரிச்சிட்டினம். என்ரை மகனுக்குப் பேசி முடிச்ச பெட்டையின்ரை குறிப்பு இங்கிலாந்துக்குப் போய், அங்கையும் பொருந்தாமல் திரும்பி வந்திட்டுதாம். போனது ஒரு அவமானம். திரும்பி வந்தது ரெண்டாவது. நான் எதைக் கேக்கிறது?”

அறைக்குள் திரைச்சீலை அசைந்தது. அன்னலட்சுமி குரல் மட்டும் வந்தது.

“உது வேறை குறிப்பு, அண்ணை. ஆபீசிலை எழுதுறவையே, நோட்டு, அந்தக் குறிப்பு. மணியம் பிழையாய் விளங்கிட்டான்.”

சபாபதியின் முகம் இளகியது. அவரும் அரசாங்கத்தில் இருந்தவர். ஆபீசுக் குறிப்பு எத்தனை எழுதியிருப்பார்.

“அப்பிடியோ, சம்பந்தி? வெறும் நோட்டோ?”

தலையை ஒருதரம் அசைத்தால் போதும். சொல்கூட வேண்டாம். மகளின் கலியாணமும் மோட்டாரின் மானமும் இரண்டும் தப்பிவிடும். ஐந்து மணிக்கு ஹார்ன் அடிக்கலாம். ஏரம்பமூர்த்தி தலையை அசைத்துப் பார்த்தார். முப்பத்தொரு வருஷம் விறைத்திருந்த கழுத்து அது, அசையவில்லை.

“இல்லை,” என்றார். “சாதகக் குறிப்புத்தான்.”

திரைக்குப் பின்னால் ஏதோ பாத்திரம் விழுந்தது.

“ஆரின்ரை குறிப்பு?” என்று சபாபதி கேட்டார்.

ஏரம்பமூர்த்தி எழுந்தார். தொப்பியை எடுத்து அணிந்துகொண்டார், கையுறையையும் மாட்டினார். அவையில்லாமல் அந்தக் கொட்டகைக்குள் அவர் போனதில்லை. சபாபதியை முன்னே விட்டு, ஐந்து மாதமாகத் திறக்காத பெருங்கதவை இரண்டு கையாலும் தள்ளினார். வெயில் உள்ளே விழுந்தது. மழைக்கூரை போட்ட மோட்டார். ஆசனத்தின் பக்கத்தில் நேற்றைய தேநீர்க் கோப்பை. முன்னால் எஞ்சினின் வயிற்றிலிருந்து தலைநீட்டிக்கொண்டிருந்த இரும்புத் தண்டு.

“இதின்ரை,” என்றார். “இது ஓடாது. தைக்கு முன்னமே செத்திட்டுது. உங்களுக்குச் சொந்த மோட்டார் எண்டு எழுதிப்போட்டன். எழுதினதைக் காப்பாத்தத்தான் கம்பனிக்குக் குறிப்பு அனுப்பினன். என்ரை பிள்ளையின்ரை குறிப்பு பெட்டியை விட்டு வெளிக்கிடேல்லை.”

சபாபதி தண்டைப் பார்த்தார். தேநீர்க் கோப்பையைப் பார்த்தார். மழைக்கூரையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கையை நீட்டினார்.

“குறிப்பைக் கொண்டாங்கோ.”

அவர் பாலோவில் இரண்டு ரயிலுக்கு இடையே இருந்த வேளையெல்லாம் சாத்திரம் படித்தவர் என்பது ஏரம்பமூர்த்திக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. சபாபதி மோட்டாரின் மிதிபலகையில் உட்கார்ந்து, தாளை வெயிலுக்குப் பிடித்து, விரல்விட்டு எண்ணினார். அவர் முகம் வரவரக் கறுத்தது.

“ஆர் இதைப் பார்த்துச் சரியெண்டு சொன்னது?”

“மலாக்காச் சாத்திரியார்.”

“எட்டிலை செவ்வாய். அதையும் பார்த்துக்கொண்டு வீட்டுக்குள்ளை எடுத்திருக்கிறியள். இங்கிலாந்துக்காரனைக் குறை சொல்லி என்ன? அவனுக்கே எட்டாம் அறையிலை பிழை எண்டு விளங்கியிருக்குது.”

“இப்ப என்ன செய்யிறது?”

“மூலத்தாரம் ஒரு வருஷம் தாண்டாது. தாண்டேல்லை. சாத்திரம் சரி.” மறுபடியும் எண்ணினார். “ஆனால் இரண்டாந்தாரம் நீடிக்கும். ஆயுள் கெட்டி. ஏழாம் வீட்டுக்காரன் நீர் ராசியிலை நிக்கிறான். தண்ணிப் பக்கத்துச் சம்பந்தமாய்ப் பாருங்கோ. அந்தஸ்துப் பார்க்க வேண்டாம்.”

ஏரம்பமூர்த்தி அந்த மாலையே காளியப்பனுக்கு ஆள் அனுப்பினார். அவன் வந்து தலையைச் சொறிந்தான்.

“அதைத்தானுங்களே நான் அன்னிக்கே சொன்னேன்.”

“அண்டைக்கு நீ சொன்னது இரும்பு,” என்றார் ஏரம்பமூர்த்தி. “இண்டைக்கு வந்திருக்கிறது பொருத்தம்.”

சபாபதி தேநீர் குடித்துவிட்டு, சம்பந்தி என்று இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டுத்தான் பஸ் ஏறினார்.

தொங்காங் எஞ்சின் வந்த அன்று அதற்கு மஞ்சள் தடவி, நல்ல நேரத்தில் வண்டிக்குள் இறக்கினார்கள். காளியப்பனும் இன்னும் இரண்டு பேரும் பதினோரு நாள் உழைத்தார்கள். பன்னிரண்டாம் நாள் அவன் தயங்கித் தயங்கி வந்தான்.

“எஞ்சின் ஓடுதுங்க. ஒரே ஒரு சங்கதி. ஆத்து எஞ்சின் இந்தப் பக்கம் சுத்தும், மோட்டாரு எஞ்சின் அந்தப் பக்கம் சுத்தும். அதனால முன்னுக்குப் போற கியர் மூணும் பின்னுக்குத்தான் போவுது.”

“அப்ப முன்னுக்கு?”

“பின்கியர் போட்டா முன்னுக்குப் போவுங்க. மெதுவாத்தான் போவும். ஆளு நடக்கிற வேகம்.”

ஏரம்பமூர்த்தி யோசித்தார். “மேளக்காரர் நடந்துதானே வருவினம்?”

“ஆமாங்க.”

“அப்ப அந்த வேகம்தான் முறை.”

ஆனி பதினாலாம் தேதி கதிரேசு தலைப்பாகையோடு, தோழன் பக்கத்தில் இருக்க, மோட்டாரில் வந்தான். ஏரம்பமூர்த்தியே ஓட்டினார். முன்னே நாயனம், பின்னே மோட்டார், தொக்குத் தொக்குத் தொக்கு என்ற சத்தம். அது நாயனத்துக்குத் தாளம் தப்பாமல் விழுந்ததாகத் தவில்காரரே சொன்னார். சத்தத்தைக் கேட்டு, ஆற்றுத்துறையில் நின்ற மூன்று மலாய்க்காரர் அக்கரைப் பயணத்துக்கு மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஆற்றைப் பார்த்தார்கள்; படகைக் காணவில்லை. தபாலாபீசு வாசலில் மணியம் எழுந்து நின்று கும்பிட்டான். ஏரம்பமூர்த்தி மூன்று தடவை ஹார்ன் அடித்தார். கொட்டகைக்கு வெளியே அடித்தது, ஆறு மாதத்துக்குப் பிறகு அதுதான் முதல் தடவை.

படலையில் வண்டியை நிறுத்துவதற்குக் கொஞ்சம் பின்னுக்கு எடுக்க வேண்டியிருந்தது. முதல் கியரைப் போட்டார். வண்டி துள்ளிப் பின்னால் பாய்ந்து, மாப்பிள்ளையின் தலைப்பாகை தோழனின் மடியில் விழுந்தது. அதைச் சபாபதி பார்க்காததுபோல வாழைமரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். சம்பந்தி என்றால் அப்படியிருக்க வேண்டும்.

கலியாணம் முடிந்த மறுவாரம் ஏரம்பமூர்த்தி தகரப் பெட்டியைத் திறந்தார். மோட்டாரின் குறிப்பை உள்ளே வைத்தார். முன்பு அதனோடு ஒட்டிக் கிடந்த உத்தரவாதக் கடதாசியை வெளியே எடுத்தார். சிங்கத்தின் மூக்கில் கொஞ்சம் மஞ்சள் பட்டிருந்தது, துடைத்தார். நல்ல தாளாக ஒன்றை எடுத்து விம்பிள்ஷா கம்பனிக்கு எழுதினார். இந்தத் தடவை ஏழு பக்கம் வேண்டியிருக்கவில்லை.

‘ஐயன்மீர், தங்கள் வீட்டுக் குறிப்பை நன்கு ஆராய்ந்தோம். பொருத்தமில்லை. இத்துடன் திருப்பி அனுப்புகிறோம். எங்களுக்கு நல்ல இடத்தில் அமைந்துவிட்டது.’

கீழே கையெழுத்துப் போட்டார். தபாலாபீசில் மணியம் பொதியைத் தராசில் வைத்து, உள்ளே என்ன என்று கேட்டான்.

“குறிப்பு,” என்றார் ஏரம்பமூர்த்தி. இந்தத் தடவை வரிசையில் நின்ற எல்லாருக்கும் கேட்கும்படி, கேட்ட கேள்விக்கு மேலும் ஒரு வார்த்தை சேர்த்துச் சொன்னார். “அவையின்ரை.”